பித்தப்பையை எடுத்த பிறகும் வயிறு வலிக்கிறதே, ஏன்?

கேள்வி: எனக்கு வயது 43. தக்கலைப் பக்கம் ஊர். அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) வேலை. பித்தப்பையில் கல் என்று ஐந்து மாதத்துக்கு முன் லேப்ராஸ்கோப்பி செய்து பையை எடுத்துவிட்டார்கள். முன்பு நடுராத்திரியில் வந்து துடிக்க வைத்த வலி இப்போது இல்லை. ஆனால் வலது விலாவுக்குக் கீழே ஓரிடத்தில் குத்திக்கொண்டே இருக்கிறது. மேல்வயிறு எரிகிறது. காலையில் சாப்பிட்டதும் கக்கூஸுக்கு ஓட வேண்டியிருக்கிறது. ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது. ஸ்கேனில் பித்தக்குழாய் 8 மில்லிமீட்டர், லேசாக விரிந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். ஆபரேஷனுக்கு அடித்த கேஸ் உள்ளேயே நிற்கிறது என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. மனப்பிரமை என்கிறார் வீட்டுக்காரர். மாமியார் கஞ்சிதான் தருகிறார். தாங்க முடியாதபோது மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போடுகிறேன். தைராய்டு மாத்திரையும் சாப்பிடுகிறேன். ஆபரேஷனில் தவறு நடந்திருக்குமா? மறுபடியும் கல்லா? வர்ம ஆசானிடம் போய்த் தடவலாமா? தங்கச்சிக்கும் ஸ்கேனில் கல் தெரிகிறது, ஆனால் வலி இல்லை. அவளும் ஆபரேஷன் செய்ய வேண்டுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் வலி உண்மையானது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், வீட்டில் இருப்பவர்களும் படிக்கட்டும். ஸ்கேன் உறுப்புகளின் உருவத்தைத்தான் காட்டும். தழும்பில் சிக்கிய நரம்போ, இரைப்பைப் புண்ணோ, குடலின் இழுப்போ அதில் பெரும்பாலும் தெரியாது. அதனால் ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் இல்லை என்பதை வைத்து வலியே இல்லை என்று யாரும் முடிவு கட்ட முடியாது. பித்தப்பையை எடுத்த பிறகும் ஏதாவது ஒரு வயிற்றுத் தொந்தரவு தொடர்வதாகச் சொல்பவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர் முதல் நாற்பது பேர் வரை இருப்பதாக வெவ்வேறு ஆய்வுகள் சொல்கின்றன. பெரும்பாலானவர்களுக்கு அது ஆபத்தில்லாத, சரிசெய்யக்கூடிய தொந்தரவுதான். ஆனால் காரணம் தெரியும் வரை அவர்கள் படும் பாடு பெரிது.

உங்கள் கடிதத்தில் எனக்கு ஆறுதல் தந்த வரி, நடுராத்திரியில் வந்த பழைய வலி போய்விட்டது என்பது. கல்லால் வரும் வலிக்குத் தனி அடையாளம் உண்டு. கனமாகச் சாப்பிட்ட பிறகோ, தூக்கத்தின் நடுவிலோ தொடங்கும். ஏறிக்கொண்டே போய், அரை மணி நேரம் முதல் சில மணி நேரம் வரை விடாமல் பிடிக்கும். முதுகுக்கும் வலது தோள்பட்டைக்கும் பாயும். பிறகு முழுதாக விட்டுவிடும், அடுத்த முறை வரும்வரை ஆள் நன்றாகவே இருப்பார். அந்த வலி திரும்பி வரவில்லை என்றால், எதற்காக ஆபரேஷன் செய்தார்களோ அது நடந்திருக்கிறது.

இப்போது மிஞ்சியிருப்பது வேறு வலி. அதுவும் ஒன்றல்ல. விலாவுக்குக் கீழே குத்துவது, மேல்வயிறு எரிவது, சாப்பிட்டதும் வயிற்றைக் கலக்குவது, இந்த மூன்றும் மூன்று இடங்களிலிருந்து வருகின்றன என்றே நினைக்கிறேன். எல்லாவற்றையும் சேர்த்து 'வயிற்று வலி' என்று ஒரே பெயரில் சொன்னால், கூட்டம் நிறைந்த ஓ.பி.யில் இருக்கும் டாக்டரும் ஒரே மாத்திரையைத்தான் எழுதுவார். பிரித்துச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் வழி இருக்கிறது.

அதற்கு முன்னால், காத்திருக்கவே கூடாத அறிகுறிகள் சில உண்டு. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், கண் மஞ்சளாவது, சிறுநீர் கட்டன் சாயா (பால் சேர்க்காத டீ) நிறத்தில் போவது, மலம் வெளுத்துப் போவது, முதுகு வரை பாயும் கடும் வலியோடு நிற்காத வாந்தி, மலத்தில் ரத்தம் அல்லது கன்னங்கரேலென்ற மலம். இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காமல் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, பக்கத்தில் அறுவை சிகிச்சை வசதியுள்ள வேறு மருத்துவமனைக்கோ போய்விடுங்கள். நடக்கும்போதோ படி ஏறும்போதோ மேல்வயிறு இறுகி வியர்த்தால் அது இதயத்தின் வலியாகவும் இருக்கலாம். பெண்களுக்கு மாரடைப்பு இப்படி மேல்வயிற்று வலியாக வருவது உண்டு. ஈ.சி.ஜி. பார்க்காமல் அதைக் கேஸ் என்று ஒதுக்கிவிடக் கூடாது.

சரி, இப்போது அந்தக் குத்துவலிக்கு வருவோம். 'ஓரிடத்தில்' என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டிலேயே ஒன்றைச் செய்து பாருங்கள். மல்லாந்து படுத்து, வலிக்கிற இடத்தை ஒரே ஒரு விரலால் அழுத்திக் கண்டுபிடியுங்கள். விரலை எடுக்காமல் தலையையும் தோளையும் படுக்கையிலிருந்து கொஞ்சம் தூக்குங்கள். வயிற்றுத் தசை இறுகும். அப்போது வலி கூடினாலோ, அப்படியே இருந்தாலோ, வலி பெரும்பாலும் வயிற்றுச் சுவரில்தான் இருக்கிறது. குறைந்தால் உள்ளுறுப்பில் இருந்து வரலாம், ஏனென்றால் இறுகிய தசை உள்ளே இருக்கும் உறுப்பை விரலின் அழுத்தத்திலிருந்து காத்துவிடுகிறது. கார்னெட் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1926-ல் எழுதிவைத்த சோதனை இது. காசும் இல்லை, கருவியும் இல்லை. ஆனாலும் பலருக்கு இது செய்யப்படாமலே ஸ்கேனுக்கு மேல் ஸ்கேன் எடுக்கப்படுகிறது என்பதுதான் என் வருத்தம்.

லேப்ராஸ்கோப்பியில் வழக்கமாக நான்கு துளைகள் போடுவார்கள். தொப்புள் பக்கம் ஒன்று, மேல்வயிற்றின் நடுவில் ஒன்று, வலது விலாவுக்குக் கீழே இரண்டு. விலா எலும்புகளுக்கு இடையிலிருந்து வரும் மெல்லிய நரம்புகள் அந்தப் பக்கமாகத்தான் வயிற்றுச் சுவருக்குள் இறங்குகின்றன. துளை ஆறும்போது அப்படி ஒரு நரம்பு தழும்பில் மாட்டிக்கொண்டால், மாதக்கணக்கில் ஒரே புள்ளியில் குத்தும், எரியும். பாவாடை நாடா உரசினால், படுக்கையில் புரண்டால், கனமான எதையாவது தூக்கினால் அதிகமாகும். சாப்பாட்டோடு அதற்குப் பெரிய தொடர்பு இருக்காது. அண்டி ஆபீஸில் மணிக்கணக்கில் குனிந்து உட்காருகிறீர்கள், மூட்டையும் நகர்த்துவீர்கள். வேலை நாளில் அதிகமாகி ஞாயிற்றுக்கிழமை குறைகிறதா என்று கவனியுங்கள். அப்படியென்றால் என் சந்தேகம் இன்னும் வலுப்படும்.

இதற்குச் சிகிச்சை எளிது. அந்தப் புள்ளியில் லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்தை ஊசியாகப் போடுவார்கள். சில நிமிடங்களில் வலி விட்டுவிட்டால் காரணமும் உறுதியாகும், சிகிச்சையும் தொடங்கிவிடும். சிலருக்கு ஒரே ஊசியில் நிற்கும், சிலருக்குத் திரும்பப் போட வேண்டியிருக்கும். உங்களுக்கு ஆபரேஷன் செய்த சர்ஜனே இதைச் செய்யலாம், வலி சிகிச்சை பார்க்கும் மயக்கவியல் மருத்துவர்களும் செய்வார்கள். இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இருமும்போது தழும்பில், குறிப்பாகத் தொப்புள் பக்கத்தில், புடைப்பு எழுகிறதா? எழுந்தால் அது துளை வழியாக வரும் குடலிறக்கம். அதற்கு வழி வேறு.

பக்கத்து வீட்டு அக்கா சொல்லும் கேஸ், கரியமில வாயு. முதல் சில நாளில் தோள் வலிக்கக் காரணமாக இருக்கும். பிறகு உடம்பு அதை உறிஞ்சி மூச்சில் வெளியேற்றிவிடும். ஐந்து மாதம் நிற்காது.

அடுத்தது உங்களைப் பயமுறுத்தும் அந்த 8 மில்லிமீட்டர். கல்லீரல் ஒரு நாளைக்குச் சுமார் 600 மில்லி முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறது. அதில் 30 முதல் 50 மில்லி வரை கெட்டியாக்கிச் சேர்த்து வைப்பதுதான் பித்தப்பையின் வேலை. பை போன பிறகு பித்தநீர் குழாய் வழியாக நேரே முன்சிறுகுடலுக்குச் சொட்டிக்கொண்டே இருக்கும். பை இருப்பவர்களுக்குக் குழாய் 6 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் சந்தேகப்படுவார்கள். பையை எடுத்தவர்களுக்கு 10 மில்லிமீட்டர் வரை விரிந்திருப்பது சாதாரணமாகக் காணக்கூடியதுதான். கல்லீரல் ரத்தப் பரிசோதனையும் சரியாக இருக்கும்போது அந்த எண்ணை மட்டும் பார்த்துக் கலங்க வேண்டாம்.

மறுபடியும் கல்லா என்ற கேள்விக்கு, வாய்ப்புக் குறைவு என்பது என் பதில். முழுதாக இல்லை என்று சொல்ல மாட்டேன். பை இல்லாவிட்டாலும் குழாயில் கல் இருக்க முடியும். ஆபரேஷனுக்கு முன்பே சிறிய கல் ஒன்று நழுவிக் குழாய்க்குள் போயிருக்கலாம். அது பெரும்பாலும் சர்ஜனின் தவறால் நடப்பதும் அல்ல. சாதாரண வயிற்று ஸ்கேன் குழாயில் உள்ள கல்லை அடிக்கடி தவறவிடும். இதில் நேரம் முக்கியம். வலி இல்லாத நாளில் எடுத்த ரத்தம் சரியாக இருந்தது என்பது பாதிப் பதில்தான். பழைய வலியைப் போல ஒன்று வந்தால், அன்றைக்கே, முடிந்தால் சில மணி நேரத்துக்குள், எல்.எஃப்.டி. என்ற கல்லீரல் ரத்தப் பரிசோதனையும், கணையத்துக்கான லைபேஸ் பரிசோதனையும் எடுங்கள். அப்போது எண்கள் ஏறியிருந்தால்தான் பித்தக்குழாயைப் படமெடுக்கும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் தேவைப்படும். அதில் கதிர்வீச்சு இல்லை. ஆபரேஷனில் உள்ளே கிளிப் போட்டிருக்கிறார்களே என்று பயப்பட வேண்டாம். வழக்கமாகப் போடுவது டைட்டானியம், ஸ்கேன் கருவியின் காந்தம் அதை இழுக்காது. ஆனாலும் ஸ்கேன் எடுப்பவரிடம் சொல்லிவிடுங்கள். கல் இருந்தால் இ.ஆர்.சி.பி. மூலம் வாய் வழியாகவே குழாய் விட்டு எடுத்துவிடலாம்.

ஆபரேஷனில் பித்தக்குழாய் காயப்பட்டிருந்தால் காய்ச்சல், மஞ்சள் காமாலை, மாறிப்போன ரத்தப் பரிசோதனை என்று ஏதாவது ஒன்றில் பெரும்பாலும் தன்னைக் காட்டியிருக்கும். ஐந்து மாதமாக இவை எதுவும் இல்லை என்றால் அந்தப் பயத்தை இறக்கி வைக்கலாம்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பித்தக்குழாய் குடலில் திறக்கும் இடத்தில் ஒரு வளையத் தசை இருக்கிறது. அது இறுகுவதால்தான் வலி, இ.ஆர்.சி.பி. செய்து அந்தத் தசையை வெட்டிவிட்டால் சரியாகும் என்று யாராவது சொல்லக்கூடும். ரத்தமும் ஸ்கேனும் சரியாக இருந்து வலி மட்டும் இருப்பவர்களிடம் இதை அமெரிக்காவில் ஆராய்ந்து 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். 214 பேரில் ஒரு பகுதியினருக்கு உண்மையாகவே வெட்டினார்கள், மற்றவர்களுக்கு வெட்டியது போலச் செய்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், வெட்டியவர்களில் 23 சதவீதம் பேருக்கும், வெட்டாதவர்களில் 37 சதவீதம் பேருக்கும் பலன் இருந்தது. இ.ஆர்.சி.பி.க்குப் பிறகு நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்குக் கணைய அழற்சி வரலாம். கல் இருந்தால் இது அருமையான சிகிச்சை. காரணம் தெரியாத வலிக்கு அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாதீர்கள். நாகர்கோவிலில் சொன்னாலும் சரி, திருவனந்தபுரத்தில் சொன்னாலும் சரி, 'எந்த ரிப்போர்ட்டைப் பார்த்து இதைச் சொல்கிறீர்கள்?' என்று மரியாதையாகக் கேட்பது உங்கள் உரிமை.

எரிச்சலுக்கு வருகிறேன். மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்றவை இரைப்பையின் உள்தோலைப் புண்ணாக்கும். வலிக்குப் போட்ட மாத்திரையே இன்னொரு வலியை உண்டாக்கியிருக்கக்கூடும். தாங்க முடியாத நாளில் பாராசிட்டமால் 500 அல்லது 650 மில்லிகிராம் போதும், இரண்டு மாத்திரைகளுக்கு நடுவே ஆறு மணி நேரம் இடைவெளி இருக்கட்டும். கோடீன் கலந்த மாத்திரை வேண்டாம். நான் சொன்ன வளையத் தசையை அது இறுக்கும். டாக்டரைக் கேட்டு பாண்டோப்ரசோல் போன்ற அமில மாத்திரையைக் காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு சில வாரங்கள் சாப்பிடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் எண்டோஸ்கோப்பி செய்து, ஹெச்.பைலோரி கிருமி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அந்தச் சோதனைக்கு இரண்டு வாரம் முன்பே அமில மாத்திரையை நிறுத்தினால்தான் முடிவை நம்பலாம். ஒன்று தெரியுமா, கல் இருந்த காலத்திலேயே பலருக்கு இந்த எரிச்சலும் கூடவே இருந்திருக்கும். பையோடு சேர்ந்து இதுவும் போய்விடும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அது பையின் வலியே அல்ல என்பதால் போவதில்லை.

காலையில் ஓடுவது பெரும்பாலும் பித்த உப்புகளின் வேலை. பையில் தங்காமல் வரும் உப்புகளில் கொஞ்சம் பெருங்குடல் வரை போய் அங்கே நீரைச் சுரக்க வைக்கும். பலருக்கு நாளாக நாளாகக் குறைந்துவிடும். ஐந்து மாதமாகியும் குறையாத உங்களைப் போன்றவர்களுக்குக் கொலஸ்டிரமின் என்ற பொடி நன்றாகக் கேட்கும். ஆனால் அது மற்ற மருந்துகளையும் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். டாக்டரிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள். கூடவே டி.எஸ்.ஹெச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனையை ஒருமுறை பாருங்கள். தைராய்டு மாத்திரையின் அளவு கூடிப் போயிருந்தாலும் வயிறு இப்படிப் போகும், எடையும் குறையும்.

மாமியார் அக்கறையால்தான் கஞ்சி தருகிறார். ஆனால் ஐந்து மாதம் கஞ்சி மட்டும் என்றால் உடம்பில் சத்து நிற்காது, தழும்பும் தசையும் தேற புரதம் வேண்டும். பையை எடுத்தவர்கள் கொழுப்பை அடியோடு ஒழிக்க வேண்டியதில்லை, ஒரே வேளையில் கொட்டக் கூடாது, அவ்வளவுதான். நம் மாவட்டத்துச் சமையலில் தேங்காய் இல்லாத கறி கிடையாது. தீயலும் அவியலும் ஒரே மதியத்தில் வேண்டாம், ஒரு வேளைக்கு ஒரு தேங்காய்க் கறி போதும். மீன் தாராளமாகச் சாப்பிடலாம், ஆனால் பொரிக்காமல் குழம்பாக. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் பிடிக்குமென்றால் கிழங்கின் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். நேந்திரங்காய் சிப்ஸ், பழம்பொரி, ராத்திரி பரோட்டா, இவை இப்போதைக்கு வேண்டாம். வெறும் வயிற்றில் கட்டன் சாயா குடித்துவிட்டு வேலைக்கு ஓடுகிற பழக்கம் இருந்தால் எரிச்சலும் கூடும், கழிவறை அவசரமும் கூடும். ஒரு மட்டிப்பழமோ இரண்டு இட்லியோ சாப்பிட்டுவிட்டுக் குடியுங்கள். சக்கை (பலாப்பழம்), பயறு, பால் ஆகியவற்றில் எது உங்களுக்கு உப்புசம் தருகிறது என்பதை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும், எல்லாருக்கும் ஒரே பட்டியல் பொருந்தாது. மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்து சிறு வேளைகளாகப் பிரித்துக்கொள்வது பெரும்பாலானவர்களுக்கு உதவுகிறது.

வர்ம வைத்தியம் இந்த மண்ணில் ஆழமாக வேரூன்றியது, அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. முதுகு வலிக்கும் சுளுக்குக்கும் நீங்கள் போவதைத் தடுக்க மாட்டேன். ஆனால் காரணம் தெரியாத வயிற்று வலிக்கு, அதுவும் புதுத் தழும்பு உள்ள வயிற்றில், அழுத்தித் தடவ வேண்டாம். குடலிறக்கம் இருந்தால் ஆபத்தாகிவிடும். ஆசானிடமும் ஆபரேஷன் நடந்ததைச் சொல்லுங்கள், நல்ல ஆசான் அவரே வயிற்றைத் தொட மாட்டார்.

மாதக்கணக்கில் வலி இருந்தால் நரம்புகளே கூர்மையாகிவிடும். சின்ன அசைவையும் பெரிய வலியாக மூளைக்குச் சொல்லும், தூக்கமும் கெடும். இதற்குக் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் என்ற மாத்திரையை இரவில் தருவது உண்டு. மெடிக்கலில் யாராவது 'இது மனசுக்குக் கொடுக்கிற மாத்திரையாயிற்றே' என்று சொன்னால் பதற வேண்டாம். இந்த அளவில் அது நரம்பு வலிக்கான மருந்து. உங்களை நம்பாததால் டாக்டர் எழுதியது அல்ல.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும் முன், இரண்டு வாரம் ஒரு பழைய நோட்டில் எழுதி வையுங்கள். எந்த வலி, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள், என்ன வேலை செய்தீர்கள். அதோடு டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் குறிப்பு, எடுத்த பையின் பயாப்சி ரிப்போர்ட் மூன்றையும் கொண்டு போங்கள். பயாப்சி ரிப்போர்ட்டை வாங்காமலே பலர் இருந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் சாதாரண அழற்சி என்றுதான் இருக்கும். ஆனால் அரிதாகச் சிலருக்குப் பித்தப்பைப் புற்றுநோய் அந்தக் காகிதத்தில்தான் முதலில் தெரியவருகிறது. அதனால் உங்கள் கையில் அது இல்லையென்றால் இந்த வாரமே போய்க் கேட்டு வாங்குங்கள். புதிய மருத்துவமனைக்குப் போகும்போதெல்லாம் புது ஃபைல் போட்டு முதலிலிருந்து தொடங்காமல், எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். பணமும் மிஞ்சும், எடுத்த ஸ்கேனையே திரும்ப எடுக்கும் அலைச்சலும் குறையும்.

கடைசியாகத் தங்கச்சி விஷயம். வலி இல்லாமல், வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் கல் தெரிந்தால், பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர்களில் ஒரு வருடத்தில் தொந்தரவு தொடங்குவது நூற்றில் ஒருவர் முதல் நான்கு பேருக்குத்தான். கல் 3 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, பையின் சுவரில் சுண்ணாம்பு படிந்திருந்தாலோ, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பாலிப் என்ற சதை வளர்ச்சி இருந்தாலோ முன்கூட்டியே எடுக்கச் சொல்வார்கள். அவருடைய ரிப்போர்ட்டில் இந்த மூன்றில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், நான் மேலே எழுதிய அந்த நடுராத்திரி வலி எப்படி இருக்கும் என்பதை, பட்டறிந்தவர் என்ற முறையில் நீங்களே அவருக்கு விளக்கிச் சொல்லுங்கள். அது வந்தால் சர்ஜனைப் பார்க்கட்டும். வெறும் உப்புசத்துக்கும் எரிச்சலுக்கும் பையை எடுக்க வேண்டாம்.